அக்கா கதவைச் சாத்தும் நேரம்

என் அக்கா எதற்கும் பயந்தவள் அல்ல. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாங்கள் எல்லோரும் கட்டிலில் ஏறுவோம். அவள் செருப்பைக் கழற்றுவாள். மாமா சரக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அக்கா தன் மகளோடு மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருப்பாள். தாழ்ப்பாள் போட்டோமா என்று இரண்டாவது முறை எழுந்துபோய்ப் பார்க்கிற பழக்கம்கூட அவளுக்குக் கிடையாது.

நீண்ட காலம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து அவள் வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்தபோது, கதவைத் திறந்தது அந்த அக்கா இல்லை. இளைத்திருந்தாள் என்றோ பருத்திருந்தாள் என்றோ சொல்ல முடியாது. என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ற?"

"ஒண்ணுமில்ல. ஓடுதான்னு பாக்குறேன்."

"ஓடலன்னா நீ எப்படிப் பாப்ப?"

அவள் சிரிக்கவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

அக்காவுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நகரத்தில் யார் அவசர எண்ணை அழுத்தினாலும், ஜன்னலே இல்லாத அந்த அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் காதில்தான் போய் விழும். ஷிப்ட் முழுக்க நாற்காலிதான். எழுந்து போக வேண்டுமானால் அந்த நாற்காலியில் வேறு ஒருவரை உட்கார வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் தோளில் பையைச் சுமந்துகொண்டு நடந்த வருடங்கள் முழுவதும் என் அக்கா உட்கார்ந்தே இருந்திருக்கிறாள்.

அழைப்பவர் எவ்வளவு கதறினாலும் முதல் கேள்வி, "எங்க இருந்து பேசுறீங்க?" என்ன ஆயிற்று என்பது அப்புறம். இடையில் லைன் அறுந்தாலும் வண்டி கிளம்பிப் போக இடம் தெரிந்திருக்க வேண்டும். நான் எந்தத் தேசத்து ரயில் நிலையத்திலிருந்து கூப்பிட்டாலும் அக்கா 'எப்படி இருக்க' என்று கேட்டதே இல்லை. 'எங்க இருந்து பேசுற' என்றுதான் ஆரம்பிப்பாள். அடுத்த கேள்வி: "கண்ணைத் தொறக்குறாங்களா? மூச்சு விடுறாங்களா?" இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் மேற்கொண்டு யோசனையே கிடையாது. பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறதோ அது அந்த இடத்துக்கு. மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அவளுக்குப் பயம் வந்தது, நான் திரும்பி வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் வந்த ஓர் அழைப்பில். சின்னப் பெண்ணின் குரல். "அம்மா எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க."

"எங்க இருந்து பேசுறம்மா?"

"வீட்ல இருந்து."

"எந்த வீடு கண்ணு?"

"எங்க வீடு."

"தெரு பேரு தெரியுமா?"

"கடைக்குப் பக்கத்துல."

"எந்தக் கடை?"

"மிட்டாய்க் கடை."

கைபேசி எந்தக் கோபுரத்தில் சிக்குகிறது என்று பார்த்து, பேட்டையைக் கண்டுபிடித்து, அங்கே எத்தனை மிட்டாய்க் கடை என்று தேடி, ஜன்னல் வழியாகக் கத்தச் சொல்லி, கடைசியில் வண்டி போய்ச் சேர்ந்தது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் லைன் துண்டிக்கப்பட்டது. அந்த அறையில் யாருக்கும் எந்தக் கதையின் முடிவும் தெரியாது. வண்டி வாசலுக்குப் போனதும் அடுத்த அழைப்பு வந்துவிடும். ஆனால் இந்த முறை, வண்டியில் போன ஆள் மறுநாள் தேநீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சிறுமியின் அம்மாவுக்கு அக்கா வயதுதான் இருக்கும். ஏதோ அலுவலகத்தில் வேலை. நோய் என்று எதுவும் இல்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவள் அப்படியே சரிந்திருக்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"நாளெல்லாம் உக்காந்தே இருக்குற உடம்பு," என்றாள் அக்கா. "மூணு மாடி ஏறினா எனக்கு நாக்கு தள்ளுது. நான் விழுந்தா வீட்ல யாரு இருக்கா? கொசுதான் இருக்கா."

கொசு அவள் மகள். காதருகே ஓயாமல் ரீங்காரம் இடுவாள் என்று மாமா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அதற்கு மதிப்பில்லை.

"நான் இருக்கேன்ல?" என்றேன்.

"நீ என்னைக்குக் கிளம்புவேன்னு உனக்கே தெரியாது. உன்னைக் கணக்குல சேக்க முடியாதுடி."



ஆக, அக்கா இரண்டு காரியம் செய்தாள். உடம்பை அசைப்பது ஒன்று. கொசுவுக்குச் சொல்லிக் கொடுப்பது இன்னொன்று.

சொல்லிக் கொடுப்பது விளையாட்டாகவே நடந்தது. இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். அக்கா வேலைக் குரலுக்கு மாறுவாள். "எங்க இருந்து பேசுறீங்க?" கொசு வீட்டு எண், தெரு, பச்சை கேட், லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி, இடது பக்கம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். "என்ன ஆச்சு?" என்றால், "எங்கம்மா கண்ணைத் தொறக்கல. மூச்சு இல்ல." "சபாஷ். இந்த ரெண்டையும் சொன்னாதான் வண்டி பறந்து வரும். அவங்களா வைக்குற வரைக்கும் நீ போனை வைக்கக் கூடாது."

"குழந்தைக்கு இதையெல்லாமா சொல்லிக் குடுப்பாங்க?" என்றேன் ஒருநாள்.

"அந்தப் பொண்ணுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

கொசு என் பக்கம் திரும்பினாள். "சித்தி, நீங்க விழுந்தா என்ன சொல்றது?"

"கண்ணைத் தொறக்கல, மூச்சு இல்ல, ஆனா பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லு."

கொசு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா கழுத்தில் விரலை வைத்தாள்.

உடற்பயிற்சிதான் எந்த வேளையிலும் அடங்கவில்லை. விடியற்காலையில் எழுந்து நடப்பது என்று முதலில் தீர்மானம். அலாரத்தை அணைக்கிற கைக்கு மட்டும்தான் பயிற்சி கிடைத்தது. எழுந்தாலும் சாப்பாட்டு டப்பா, சீருடை, கொசுவின் காணாமல் போன ஒற்றை சாக்ஸ் என்று பஸ் வரும் நேரம் ஆகிவிடும்.

அப்புறம் வேலை இடத்திலேயே எழுந்து நின்று, ஹெட்செட்டோடு நின்ற இடத்தில் நடந்து பார்த்தாள். மனைவி வழுக்கி விழுந்துவிட்டதாகக் கூப்பிட்ட ஒரு பெரியவர் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏம்மா, உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? அவங்ககிட்ட போனைக் குடும்மா" என்று கேட்டாராம். பக்கத்து நாற்காலிக்காரி இதை அறை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அங்கே 'ரேடியோ' என்று பெயர், வாய் மூடாது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. மறுபடி நாற்காலி.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஓடலாம் என்று ஒரு யோசனை. கைப்பையும் டப்பாவும் குலுங்க, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். இரும்புச் சாமான் கடைக்காரர் கையில் கிடைத்த குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார். "யாரும்மா துரத்துறான்? எந்தப் பக்கம் போனான்?" யாரும் துரத்தவில்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. தெருமுனை வரை துணைக்கு வந்து விட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் கிடைத்தது சாயங்காலத்தில் ஒரு துண்டு நேரம். கொசு கார்ட்டூன் பார்க்கும் நேரம். கூடத்தில் செய்தால் கொசு முதுகில் ஏறிவிடுவாள். அதனால் அக்கா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். காதில் இயர்போன். அதில் ஒரு பெண் இதமான குரலில் குனி, நிமிர், குதி என்று சொல்லிக்கொடுப்பாள். எல்லாம் முடிந்ததும் கை கால் பரப்பிப் படுத்து, கண்ணை மூடி, எது கேட்டாலும் அசையாமல் இருக்க வேண்டும்.

அதிலும் நிம்மதி இல்லை. பயம் போவதற்காகக் குதிப்பாள். குதித்தால் நெஞ்சு அடிக்கும். நெஞ்சு அடித்தால் பயம் வந்துவிடும். பாதியில் கதவைத் திறந்து வெளிறிப்போய் வந்து நிற்பாள். "இங்க கை வெச்சுப் பாரு. இப்படித்தான் அடிக்குமா?"

"குதிச்சா அப்படித்தான் அடிக்கும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

மறுபடி உள்ளே போவாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் நான் கொசுவோடு கூடத்தில் இருப்பேன்.

ஒரு நாள் மட்டும் நான் அங்கே இல்லை. என் ஷூவின் அடிப்பாகம் வாயைத் திறந்துவிட்டது என்று தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அந்த வாரம் கட்டுப்பாட்டு அறையில் இரண்டு பேர் விடுப்பு. அக்கா அடுத்தவர்கள் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துக் கண்ணெல்லாம் சிவந்துபோயிருந்தாள். "இன்னைக்காச்சும் தூங்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். "செய்யலன்னா தூக்கம் வராது" என்றாள்.

திரும்பி வந்து எங்கள் தெருவில் திரும்பினேன். பச்சை கேட்டுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. மேலே விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. பின்கதவுகள் திறந்து கிடந்தன, உள்ளே யாரும் இல்லை.

எத்தனையோ ஊரில் வழி தவறி நின்றிருக்கிறேன். கால் இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதில்லை. ஷூ பொட்டலத்தை எங்கே போட்டேன் என்று தெரியாது. இரண்டாவது மாடியில் டியூஷன் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "உங்கக்காவுக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

வீட்டு வாசல் திறந்திருந்தது. ஃபிரிட்ஜில் முதுகை ஒட்டிக்கொண்டு கொசு நின்றாள். வீட்டு போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அதிலிருந்து ரேடியோவின் குரல் வெளியே கேட்டது. "லைன்லயே இரு கண்ணு. ஆன்ட்டி இங்கதான் இருக்கேன். வெச்சிடாத." அந்த வாயாடியின் குரல் நடுங்கியது.

படுக்கையறைக் கதவு முன்னால் ஆம்புலன்ஸ் டிரைவர், நல்ல ஆகிருதி, தோளைக் கொடுத்து மோதினார். பின்னால் ஒரு நர்ஸ், என்னைவிடச் சின்னவள், பெட்டியோடு நின்றாள். இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்து உள்ளே பறந்தது.

அக்கா பாயில் மல்லாந்து கிடந்தாள். கைகள் இரண்டு பக்கமும் விழுந்து கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. காதில் இயர்போன்.

நர்ஸ் மண்டியிட்டு அவள் நெஞ்சில் கையை வைத்தாள். அக்கா கண்ணைத் திறந்தாள். தன்மேல் இரண்டு அந்நிய முகங்கள் குனிந்திருப்பதைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் டிரைவர் பின்னால் சாய்ந்து அலமாரியில் இடித்துக்கொண்டார்.

தூங்கியிருக்கிறாள். அவ்வளவுதான். அசையாமல் இரு என்று சொன்ன குரலுக்குக் கட்டுப்பட்டுப் படுத்தவள், வாரக் களைப்பில் அப்படியே அமிழ்ந்துவிட்டாள். கொசு தட்டியிருக்கிறாள், உதைத்திருக்கிறாள், கூப்பிட்டிருக்கிறாள். கதவுக்கு அடியில் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தபோது அம்மாவின் கை மட்டும் தெரிந்திருக்கிறது. அசையாத கை. சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்து பிசகாமல் போனில் சொல்லிவிட்டாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் நிம்மதி இல்லை. கதவைப் பார்த்தாள், டிரைவரின் சட்டையில் இருந்த வண்டி எண்ணைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீங்க பஸ் ஸ்டாப்ல நிக்குற வண்டிதானே? நீங்க இங்க வந்துட்டா இந்தப் பக்கம் யாரு இருக்கா?"

டிரைவர் பதில் சொல்வதற்குள் அவர் இடுப்பில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையில் இன்னொருத்தியின் குரல். நெஞ்சுவலி. வயதான ஆண். பேசுகிறார், வியர்க்கிறது. கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை, யாராவது காலியா? அவள் சொன்ன தெரு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி.

"போங்க," என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணுமில்ல. போங்க."

"இருங்கக்கா, படுங்க." நர்ஸ் அவள் மணிக்கட்டை விடவில்லை. "நாடி தாறுமாறா ஓடுது. இந்த நிலைமையில விட்டுட்டுப் போக முடியாது."

"கதவை உடைச்சுக்கிட்டு உள்ள வந்தா ஓடாம என்ன பண்ணும்? போம்மா!"

"மூச்சு வாங்குதே உங்களுக்கு."

உண்மைதான். அக்காவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பயத்தில் நெஞ்சு அடிக்க அடிக்க நர்ஸின் பிடி இறுகியது. பிடி இறுக இறுக அக்காவின் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் அக்காவின் நாடி அடங்குகிற வரைக்கும் அவருக்கு வண்டி இல்லை.

அக்கா கண்ணை மூடினாள். அவளுடைய வேலைக் குரல் வெளியே வந்தது. தனக்குத்தானே பேசினாள். "நான் சொல்றதை மட்டும் கேளுங்க. மூக்கால மெதுவா உள்ள இழுங்க. இழுத்துட்டீங்களா? இப்ப வாயால விடுங்க. அவசரமில்ல. நான் லைன்லதான் இருக்கேன்." உதடு நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. எனக்கு அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. கடைசியில் நர்ஸ் விரலை எடுத்தாள். டிரைவர் ஏற்கெனவே படிக்கட்டில் இருந்தார்.

சைரன் சத்தம் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அக்கா பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். "ரேடியோகிட்ட போன் பண்ணிக் கேக்கவா?" என்றேன்.

"அந்த லைனை அடைக்கக் கூடாது."

"வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தெரியாது. எங்களுக்கு எப்பவும் தெரியாதுடி."

கொசு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்தாள். நான் குனிந்து பார்த்தபோது முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "சித்தி, நான் தப்பு பண்ணிட்டேனா?" அக்காவுக்கும் அது கேட்டது. இல்லை என்று சொல்ல அந்த நேரத்தில் அவளால் முடியவில்லை. இரண்டு தெரு தள்ளி என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து மாமா வழக்கம்போல வழியிலிருந்து போன் செய்தார். மேஜைமேல் அது அடித்ததும் கொசு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே பாய்ந்து குளியலறைக்குள் ஓடிவிட்டாள். 'அப்பாதான்டி, எடு' என்று நான் எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. அப்பாவின் போன் என்றால் முதல் மணிக்கே பிடுங்குகிற பிள்ளை.

அக்கா அடுப்படியில் என் கையைப் பிடித்தாள். "பாத்தியா? இனிமே நான் நிஜமாவே விழுந்தாலும் இவ போனைத் தொட மாட்டா."

மறுநாள் காலை அக்காவை நான்தான் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அதே வண்டி நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள், ஆனால் கேட்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது என்றால் அதுதான்.

"அந்தப் பெரியவர் என்ன ஆனாருண்ணே?" என்று நான் கேட்டேன்.

"அவரா? வண்டியில ஏறும்போதே என் பரம்பரையையே இழுத்து வெச்சுத் திட்டினாரு. சாகக் கிடக்குற மனுசனுக்கு அவ்வளவு கெட்ட வார்த்தை ஞாபகம் வராதும்மா." சிரித்தார். அக்கா சிரிக்காததைப் பார்த்துத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "ராத்திரியே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. காலைல விசாரிச்சேன், கண்ணு முழிச்சிட்டாராம்."

அக்கா வண்டியின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணும்மா. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்ல, நீங்க நம்மாளு."

"சொன்னது நல்லதுண்ணே," என்றாள் அக்கா. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகும் அவள் முகத்தில் ரத்தம் திரும்பவில்லை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

சாயங்காலம் வந்ததும் சொன்னாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு, சத்தம் போடாமல்தான் பேசியிருக்கிறார். பிள்ளைகிட்ட சொல்லி வைங்க, இனிமே போன்ல கை வைக்கக் கூடாதுன்னு. நீங்களே இங்க வேலை பாக்குறவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?

"நீ என்ன சொன்ன?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன் சார்கிட்ட."

"அப்படியேவா?"

"அப்படியேதான். பின்னாடி ரேடியோ தும்முற மாதிரி நடிச்சுக்கிட்டே கை தட்டினா."

கைகால் கழுவிக்கொண்டு வந்து, அக்கா மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொசு வீட்டுப்பாட நோட்டில் தலையைக் கவிழ்த்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தாலும் கையில் பாத்திரம் எதுவும் இல்லை. அக்கா இப்போது தப்பாக ஒரு வார்த்தை சொன்னாலும் இந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் ஒரு கதவின் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குப் பட்டது.

"நேத்து நீ ஒண்ணு கேட்டியே, நான் பதில் சொல்லல," என்றாள் அக்கா.

கொசு தலையைத் தூக்கவில்லை.

"நீ தப்பு பண்ணல. நீ பண்ணது சரி."

"டீச்சர் வீட்டு அக்கா சொன்னாங்க, ஒரு தாத்தாவுக்கு வண்டியே இல்லாம போச்சாம்."

"ஆமா. கொஞ்ச நேரம் இல்லாம போச்சு. இப்ப நல்லாயிட்டாரு."

"செத்துப் போயிருந்தா?"

அக்காவின் கை கழுத்துக்குப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டாள். "செத்துப் போயிருந்தா அது என்மேல. உன்மேல இல்ல. மூச்சு இல்லன்னு சொன்னா வண்டி வரும்னு சொல்லிக் குடுத்தேன். மூச்சு இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிக் குடுக்கல. எனக்கே தோணல பாப்பா. அங்க உக்காந்து நான் கேக்க மட்டும்தான் செய்வேன். பாக்கறதெல்லாம் போன்ல பேசுறவங்கதான். கதவையும் நான்தான் பூட்டினேன். பூட்டின கதவுக்கு வெளிய இருந்து நீ என்னத்தைப் பாப்ப?"

"அப்ப மறுபடியும் ஆனா கூப்பிடணுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அக்காவும் அப்படித்தான் என்று அவள் தோள் சொன்னது.

"கூப்பிடு," என்றாள். "முதல்ல பாரு. பாத்தும் சந்தேகமா இருந்தா கூப்பிடு."

"நீங்க திட்ட மாட்டீங்களா?"

"மாட்டேன். வேற யாராவது திட்டினா என்கிட்ட அனுப்பு."

பிறகு பாயை விரித்துப் படுத்து, மகளின் உள்ளங்கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக் காட்டினாள். மேலே வருவது, கீழே போவது. மூக்குக்கு முன்னால் கன்னத்தைக் கொண்டுவரச் சொல்லி, காற்றுப் படுகிறதா என்று கேட்டாள். ஓடினால் வாங்குகிற மூச்சு எப்படி, தூங்கினால் வருகிற மூச்சு எப்படி என்று விட்டுக் காட்டினாள். கொசு சிரிக்காமல், விளையாடாமல், பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். ஏழு வயதில் ஒரு முகம் அப்படி ஆகக் கூடாது. ஆகிவிட்டது.

தாழ்ப்பாளை அக்கா சரிசெய்யவில்லை. மாமா வந்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். "கதவு தொறந்தே கிடக்கட்டும்."

"எதுக்கு?"

"காத்து வரட்டும்."

பயிற்சியை அவள் விடவில்லை. விட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் பயம் நடந்ததைவிடப் பெரியது. இப்போதும் சாயங்காலம்தான், அதே அறைதான், இயர்போன் மட்டும் இல்லை. அந்தப் பெண் குரல் சத்தமாகவே பேசுகிறது. கொசு கார்ட்டூன் பார்ப்பதில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து நோட்டில் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். அக்கா குதிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பாள். அக்கா படுத்துக் கண்ணை மூடியதும் பென்சில் நின்றுவிடும்.

"அம்மா?"

"இருக்கேன்."

பென்சில் மறுபடி நகரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "அம்மா?" மறுபடி, "இருக்கேன்." கூடத்தில் உட்கார்ந்து நான் அடுத்த பயணத்துக்கு வரைபடம் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் என் விரல் எந்த ஊரின்மேல் இருக்கிறது என்பது மறந்துபோகும்.

போன வாரம் ஒருநாள் கொசு ஏதோ ஒரு பெரிய கப்பலை வரைய ஆரம்பித்தாள். ஜன்னல்களாகப் போட்டுக்கொண்டே போனாள். அக்கா படுத்தாள், கண்ணை மூடினாள். பென்சில் நிற்கவில்லை. பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்துகொண்டே இருந்தாள். கேள்வி வரவில்லை.

நான் கதவு வழியாகப் பார்த்தேன். அக்காவின் வயிறு மேலே வந்தது, கீழே போனது. கண் மூடியிருந்தாலும் அவள் தூங்கவில்லை என்று தெரிந்தது, இமைகள் துடித்தன. அவள் காத்திருந்தாள். வீட்டில் பென்சில் கீறும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"இருக்கேன்," என்றாள் அக்கா, யாரும் கேட்காமலே.